அவையஞ்சாமையும் நம் மாணவரும்

(வெள்ளிவிழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, சங்கம் தோன்றிய நாள்முதல் தோள்கொடுத்து வரும் பெரியோர்களே, தாய்மார்களே, ஓசூர், தளி, கெலமங்கலம், பாகலூர், சூளகிரி, பர்கூர், கிருஷ்ணகிரி எனப் பல இடங்களிலிருந்தும் காலைப் பேருந்தைப் பிடித்து வந்து சேர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் எம் அன்பான வணக்கம்.

"மாணவர் முன்னேற்றத்தில் பேச்சின் பங்கு" என்பது நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. தலைப்பு பெரிது, நேரம் சிறிது. ஆகவே அதனுள் ஒரேயொரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். வீட்டில் தம்பி தங்கையரை அதட்டிப் பேசுகிற பிள்ளை, தெருவில் நண்பர்களோடு வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, வகுப்பில் எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசு என்றால் ஏன் ஊமையாகிவிடுகிறது? அந்த வாய் எப்படித் திறக்கும்?

இது வெறும் கூச்சத்தைப் பற்றிய பேச்சன்று, வயிற்றுப்பாட்டைப் பற்றிய பேச்சும் ஆகும். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை கால்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் லாரித் தொழிற்சாலையும் மொபெட் தொழிற்சாலையும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. நம் தந்தையர் பலர் அந்த மதில்களைக் கட்டினார்கள், மண் சுமந்தார்கள், பின்னர் அதே மதிலுக்குள் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சுமை இறக்கினார்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகள் ஐ.டி.ஐ. படித்திருக்கிறார்கள், டிப்ளமோ படித்திருக்கிறார்கள், பொறியியலும் படித்திருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு ஒரு கதவு இருக்கிறது. செமினார், வைவா, குழு விவாதம், நேர்காணல் என்று அதற்குப் பல பெயர்கள். அந்தக் கதவை வாய்தான் திறக்க வேண்டும். அங்கே நம் பிள்ளைகளில் பலர் நின்றுவிடுகிறார்கள். மதிலைக் கட்டியவனின் மகன் வாயிலில் நிற்கிறான்.

இதற்குக் காரணம் கேட்டால், "அவர்களுக்குப் பேச வராது" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். ஆசிரியர்களில் சிலரும் சொல்கிறார்கள். வருத்தம் என்னவென்றால், நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள். இந்த வார்த்தை எவ்வளவு பொய் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளிப் பருவத்தை நினைவுகூர்வோம். சாத்தாராவில் அவர் படித்த பள்ளியில், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியை விரித்து மற்றப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி அமர வேண்டியிருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். தண்ணீர்ப் பானையின் கதையும் அறிவீர்கள். அவ்வளவாக எவரும் எடுத்துச் சொல்லாத இன்னொரு செய்தி உண்டு. சில ஆசிரியர்கள் அவரிடம் கேள்வி கேட்கமாட்டார்கள். பாட்டை ஒப்புவிக்கச் சொல்லமாட்டார்கள். கேட்டால் பிள்ளை பதில் சொல்லும்; அந்தக் குரலும் மூச்சும் பட்டால் தீட்டு என்று எண்ணினார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் இதைக் குறித்திருக்கிறார். சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளை பேசப் பழகுவது எங்கே? ஆசிரியர் கேட்க, எழுந்து நின்று பதில் சொல்கிற அந்த அரை நிமிடத்தில்தானே? அந்த அரை நிமிடமே அவருக்கு மறுக்கப்பட்டது.

பின்பு பம்பாயில் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. அங்கே ஒரு நாள் ஆசிரியர், கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுமாறு அவரை அழைத்தார். உடனே வகுப்பில் ஒரே கூச்சல். மற்ற மாணவர்கள் ஓடினார்கள். எதற்காக? கரும்பலகைக்குப் பின்னால் அவர்கள் தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை வைத்திருந்தார்கள். இவர் கை பலகையில் படுமுன் அவற்றை அப்புறப்படுத்த வேண்டுமே! வகுப்பின் முன்னால் நிற்பது என்றால் அந்தச் சிறுவனுக்கு இதுதான் அனுபவம். நம் பிள்ளை மேடையில் கால் நடுங்கி நிற்கும்போது, அந்த நடுக்கம் அன்று அந்தப் பலகையருகே நின்ற சிறுவன் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

அதே சிறுவன் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், கோல்டன்வைசர் என்னும் மானிடவியல் பேராசிரியரின் கருத்தரங்கில் எழுந்து நின்று ஒரு கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. "இந்தியாவில் சாதிகள்" என்பது பொருள். மறு ஆண்டு அது அச்சிலும் வந்தது. இன்றைய மாணவர் மொழியில் சொன்னால் அது ஒரு செமினார் பேப்பர்தான். உலகம் இன்றும் அதைப் படிக்கிறது.

அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் நம் இளைஞர்களில் எத்தனை பேர் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஆனால் பேசக் கற்க விரும்பும் மாணவன் அதனை ஒரு பாடப் புத்தகமாகவே கொள்ளலாம். எடுத்த எடுப்பில் அவர் சாதியைப் பற்றிப் பேசவில்லை. கேட்டிருந்தவர்களுக்கு நம் ஊர்ச் சாதி என்ன தெரியும்? அவர்களுக்குத் தெரிந்த பொருட்காட்சியிலிருந்து தொடங்குகிறார். மனிதன் செய்த பொருள்களைக் காட்சிக்கு வைப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மனிதன் ஏற்படுத்திய நிறுவனங்களையும் அப்படிக் காட்சிக்கு வைக்கலாம் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே என்ற கருத்தோடு அவையை மெல்ல உள்ளே அழைத்துச் செல்கிறார். பிறகு தமக்கு முன் இதைப் பற்றி எழுதிய செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறார். அவர்கள் சொன்னதைச் சுருக்கமாக எடுத்து வைக்கிறார். எங்கே ஒப்புகிறார், எங்கே மாறுபடுகிறார் என்பதைத் தெளிவாக்குகிறார். இருபத்தைந்து வயது மாணவர், தம்மைவிட மூத்த அறிஞர்களோடு மாறுபடுகிறார். ஆனால் எவரையும் ஏசவில்லை. முடிவில், இது இறுதியான தீர்ப்பு என்று தாம் எண்ணவில்லை என்றும், தம் கொள்கை தவறு என்று காட்டப்பட்டால் அதைக் கைவிடத் தாம் ஆயத்தம் என்றும் அடக்கமாகச் சொல்லி அமர்கிறார்.

இந்தக் கடைசிச் செய்தியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நேர்காணலிலோ வைவாவிலோ நம் பிள்ளைகள் மிகவும் அஞ்சுவது, "தவறாகச் சொல்லிவிட்டால்?" என்பதற்குத்தான். தவறு காட்டப்பட்டால் திருத்திக்கொள்கிறேன் என்று முன்னதாகவே சொல்லக்கூடியவனை எந்தக் கேள்வியும் வீழ்த்தாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த அறையில் அவர் எழுந்து நின்றபோது எவரும் ஓடிப்போய்ச் சாப்பாட்டுப் பாத்திரத்தை நகர்த்தவில்லை. அவரிடம் திறமை பிறவியிலேயே இருந்தது, உழைப்பும் இருந்தது. ஆனால் குரல் எழுந்ததற்கு, கேட்பதற்கு இசைந்த ஓர் அவை எதிரே இருந்ததும் ஒரு காரணம். தாயகம் திரும்பி 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது அவருடைய விரிவுரையைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். அதே கல்லூரியில் ஆசிரியர் அறைப் பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதற்குச் சில ஆசிரியர்கள் மறுப்புச் சொன்னார்கள். பேச்சு பானைத் தீட்டைப் போக்கிவிடும் என்று நாம் உங்களுக்குப் பொய் சொல்லப் போவதில்லை.

நம் தமிழ் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயம்புத்தூரில் படித்த காலத்தை "ஜீவிய சரித்திர சுருக்கம்" என்னும் தம் சிறு நூலில் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 400 பிள்ளைகள் படித்த அக்கலாசாலையில் ஒரு பத்துப் பேர் தவிர மற்றையோர் எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். நட்புக் கொண்டால் ஊர் எது, குடும்பம் எது, சாதி எது என்று கேட்பார்களே, தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்களே என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவாராம். கவனியுங்கள்: அவருக்கு வாய் இல்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் சாதி வெளியே வந்துவிடும் என்பதனால் மூடி வைத்திருந்தார். அந்த மாணவர்தாம் 1891இல் சபை கண்டார். 1893இல் பத்திரிகை கண்டார். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருக்கு அருகே ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக அமர்ந்தார். மணி அடித்த பின் நுழைந்த பையன்!

ரங்கூனில் பிறந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ் 1928இல், சைமன் குழு வந்த சமயத்தில், முதன்முதலாகப் பொதுமேடை ஏறினார் என்பர். பெண்கள் அவையில் பேசுவதே வியப்பாயிருந்த காலம் அது. நம் சகோதரிகள் இந்தப் பெயரை மறக்கலாகாது.

கடல் கடந்த செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ், சிறுவனாயிருந்தபோது செருப்புத் துடைத்துச் சேர்த்த 50 காசில் "கொலம்பியன் ஆரேட்டர்" என்ற சொற்பொழிவுத் தொகுப்பு ஒன்றை ஒளித்து வாங்கினார். கிடைத்த நேரத்திலெல்லாம் அதைப் படித்தார். 1838இல் தப்பி ஓடினார். 1841இல் நான்டக்கெட் என்ற தீவில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டில், வெள்ளையர் நிறைந்த அவையில் பேச எழுப்பப்பட்டார். நேராக நிற்கவே முடியவில்லை, உடம்பெல்லாம் நடுங்கியது, இரண்டு சொல்லைத் திக்காமல் சொல்ல இயலவில்லை என்று அவரே பின்னாளில் எழுதினார். அந்த நூற்றாண்டின் பெரும் பேச்சாளர்களில் ஒருவர் தொடங்கிய இடம் அது.

வள்ளுவர் "அவையஞ்சாமை" என்றே ஓர் அதிகாரம் வைத்தார். எழுபத்து மூன்றாவது அதிகாரம். பகைவர் நடுவே சாகத் துணிந்தவர் பலர் உண்டு, அவை நடுவே அஞ்சாதவர் அரியர் என்ற பொருளில் அதில் ஒரு குறள் வருகிறது. அவைக்குள் விடப்பட்டவனுக்கே அந்த நிலை என்றால், தலைமுறை தலைமுறையாக அவைக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு எவ்வளவு அச்சம் இருக்கும்!

இனி நம் ஊருக்கு வருவோம்.

நம் எல்லைப் பகுதிக்கு உரிய தனித் தடை ஒன்று இருக்கிறது, அது மொழி. நம் வீடுகளில் தெலுங்கு பேசுவோர் உண்டு. கன்னடம் பேசுவோர் உண்டு. தமிழ் பேசுவோர் உண்டு. மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவோரே அதிகம். சந்தைக்குப் போனால் இது ஒரு வலிமை. அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போனால் இன்னும் வலிமை. ஆனால் வகுப்பறையில் இதே கலப்பு நகைப்புக்கு இடமாகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாலைப் பாடசாலையில் ஒரு சிறுவன் பேச எழுந்தான். பதற்றத்தில், "நான் இப்போது செப்புகிறேன்" என்று தொடங்கினான். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தெலுங்கு என்று நினைத்தார்கள். பையன் அழுதுகொண்டே உட்கார்ந்தான். அன்று எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் மெல்ல எழுந்து, "சிரித்தவர்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள். செப்பு என்பது தொல்காப்பியம் அறிந்த சொல். வினாவுக்கு விடை சொல்வதற்கே செப்பு என்று பெயர். இவன் தமிழ் உங்கள் தமிழைக் காட்டிலும் பழைய தமிழ்" என்றார். அதன் பிறகு அந்தப் பையனுக்குச் "செப்பு" என்றே பட்டப் பெயர் வந்துவிட்டது. அவனும் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டான் என்பது வேறு கதை.

இந்த இடத்தில் சங்கத்தின் குறையையும் நாமே சொல்லிவிடுவது முறை. தொடக்க ஆண்டுகளில் நாம் நடத்திய விழாக்களின் புகைப்படங்களை இம்மலருக்காகத் தேடி எடுத்தபோது ஓர் உண்மை முகத்தில் அறைந்தது. மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள். மாணவர்கள் எங்கே? ஒருவர் மாலையை ஏந்தி நிற்கிறார். ஒருவர் தேநீர்த் தட்டோடு நிற்கிறார். சிறுமியர் இருவர் கடவுள் வாழ்த்துக்கு மட்டும் ஒலிபெருக்கியின் முன் நிற்கிறார்கள். மாணவருக்காக நடந்த விழாவில் மாணவர் பேசவில்லை. "அவர்களே, இவர்களே" என்று விளித்து முடிப்பதற்குள் கால் மணி நேரத்தைத் தீர்த்துவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. இன்று நாமும் சற்று அப்படித்தான் தொடங்கினோம். ஆசிரியர் கேள்வி கேட்காதது தீண்டாமை என்றால், நம் மேடையில் நம் பிள்ளைக்கு நாமே இடம் தராததற்கு என்ன பெயர்? இந்தக் கேள்வியைச் செயற்குழுவில் எழுப்பியவர் ஒரு தாய். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய கேள்வியினால்தான் ஞாயிறு மாலைப் பேச்சு வகுப்பு பிறந்தது.

அவ்வகுப்புக்கு வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவரே இங்கே உட்கார்ந்திருக்கிறார், கூசுவார். தளிப் பக்கத்து ஊர். மின்னணுவியல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. அவர் படித்த இடத்தில் ஒவ்வொருவரும் செமினார் எடுத்தே ஆக வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. இவர் முறை வந்த நாளில் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிட்டார். இரண்டாம் முறை வந்தது, எழுந்து நின்றார், ஸ்லைடு திரையில் வந்தது, வாயில் சொல் வரவில்லை. "பரவாயில்லை, உட்கார்" என்று சொல்லிச் சுழியம் போட்டார்கள். அந்தப் "பரவாயில்லை" என்ற சொல்லில்தான் பெரும் அநியாயம் இருக்கிறது. கடிந்துகொண்டிருந்தால்கூடத் தன்னிடம் எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். எதிர்பார்ப்பே இல்லாதவர்தாம் பரவாயில்லை என்பார்.

எங்களிடம் வந்தபோது முதல் நான்கு வாரம் அவரைப் பேசச் சொல்லவில்லை. செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொன்னோம். கடைசி வரிசையில் ஒருவர் அமர்ந்திருப்பார். காதில் விழாவிட்டால் கையைத் தூக்குவார். அவ்வளவுதான், திட்டுவது கிடையாது. தம் குரல் ஓர் அறையின் மறு மூலைக்குப் போகும் என்பதையே அவர் அப்போதுதான் அறிந்தார் என்று பின்னர் சொன்னார். நம் வீடுகள் சிறியவை. இரவுப் பணி முடிந்து வந்து தூங்குகிறவர் இருப்பார். மெல்லப் பேசு, மெல்லப் பேசு என்றே பிள்ளைகளை வளர்க்கிறோம். உரக்கப் பேச இடமே இல்லாத பிள்ளைக்கு உரக்கப் பேச எப்படி வரும்?

ஐந்தாம் வாரம் மூன்று நிமிடம் பேச வேண்டும். என்ன தலைப்பு? "அறிவியலின் அற்புதங்கள்" என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்கோ பார்த்து எழுதியது. இரண்டு வாக்கியத்தில் நின்றுபோயிற்று. அப்போது வகுப்பை நடத்திய அக்கா, "உங்கள் அம்மா எங்கே வேலைக்குப் போகிறார்?" என்று கேட்டார். ரோஜாத் தோட்டத்துக்கு. "அங்கே என்ன செய்வார்?" என்று கேட்டதுதான் தாமதம், காகிதம் கீழே போயிற்று, பேச்சு வந்தது. விடியுமுன்பே பாலிஹவுசுக்குள் போக வேண்டும்; மொட்டு அரைகுறையாக விரிந்த பதத்தில் வெட்ட வேண்டும்; வெட்டியவுடன் தண்ணீர் வாளியில் நிறுத்த வேண்டும்; காம்பின் நீளத்தை அளந்து தரம் பிரிக்க வேண்டும்; இருபது பூவுக்கு ஒரு கட்டு; அட்டையைச் சுற்றிக் குளிர் அறைக்கு அனுப்ப வேண்டும்; பிப்ரவரி 14 நெருங்கினால் வீட்டுக்கு வர இருட்டிவிடும்; முள் குத்திய விரலோடு அம்மா சோறு பிசைவார். மூன்று நிமிடம் ஏழு நிமிடமாயிற்று. கடைசி வரிசையில் ஒரு கையும் உயரவில்லை.

அன்றைய நிகழ்ச்சி எங்களுக்கே ஒரு பாடம். பேசப் பழகும் பிள்ளைக்கு நாம் தெரியாத தலைப்பையும் தெரியாத மொழியையும் ஒரே நேரத்தில் கொடுத்து, அதன் மேல் மேடையையும் ஏற்றி வைத்திருந்தோம். மூன்று சுமை ஒரு தலையில். ஒன்றை இறக்கினால் மற்றதைத் தூக்க முடிகிறது. பொருட்காட்சியிலிருந்து தொடங்கிச் சாதிக்கு வந்த அந்த 1916ஆம் ஆண்டு மாணவரும் இந்த வழியையே காட்டியிருந்தார். தெரிந்ததிலிருந்து தொடங்கித் தெரியாததற்குப் போக வேண்டும்.

பிறகு அவர் ரோஜாவிலிருந்தே தம் பாடத்துக்கு வந்தார். குளிர் அறையின் வெப்பநிலையை அளக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் வீட்டு மொழியிலும், அடுத்த வாரம் நல்ல தமிழிலும், அதற்கடுத்து ஆங்கிலத்திலும் சொன்னார். ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இருந்தது; இருந்துவிட்டுப் போகட்டும் என்றோம். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னோம். நடுவே உள்ளவற்றைக் குறிப்பாக ஒரு சிறிய அட்டையில் எழுதிக்கொள்ளச் சொன்னோம். முழுவதையும் மனப்பாடம் செய்தவன் ஒரு சொல் தவறினால் முழுவதையும் இழக்கிறான். நெஞ்சு படபடப்பதை நிறுத்த முயல வேண்டாம் என்றும் சொன்னோம். அது முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே அடங்கும். பேசுமுன் ஒரு வாய் தண்ணீர் குடி. இரண்டு காலையும் ஊன்றி நில். மூச்சை முழுதும் வெளியே விட்ட பிறகு முதல் சொல்லைச் சொல். ஸ்லைடைப் பார்த்துப் படிக்காதே, கேட்பவரைப் பார். ஒரு முகமாவது கனிவாக இருக்கும், அதைப் பார். எல்லாரும் அறிந்த செய்திகள்தாம் இவை. ஆனால் செய்து பார்க்க இடம் வேண்டும் அல்லவா?

கேள்வி கேட்கும் பழக்கத்தையும் வகுப்பில் வைத்தோம். பேசியவரை மற்றவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். தெரியாததற்குத் தெரியாது என்று நிமிர்ந்து சொல்லப் பழக வேண்டும். இது கடினம். ஏனெனில் "தெரியாது" என்று நாம் சொன்னால், அது அந்தக் கேள்விக்கு மட்டும் விடையாகக் கொள்ளப்படுவதில்லை. நம் கூட்டத்துக்கே தெரியாது என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்தப் பாரத்தைத் தனி ஒரு மாணவன் சுமக்க வேண்டியதில்லை. அரசியல் நிர்ணய சபையில் 1946 டிசம்பர் 17 அன்று இராஜேந்திர பிரசாத் எதிர்பாராமல் அம்பேத்கரைப் பேச அழைத்தார். தமக்கு முன் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்ததால் மறுநாள்தான் தம் முறை வரும் என்று எண்ணியிருந்ததாகவும், ஆயத்தத்தோடு வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றும் அவர் அவையிலேயே வெளிப்படையாகச் சொன்னார், சொல்லிவிட்டுப் பேசினார். அந்த மாமேதையே ஆயத்தமில்லை என்று அவையில் ஒப்புக்கொண்டார் என்றால், டிப்ளமோ மாணவி ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொல்வதில் என்ன இழிவு?

மூன்றாம் முறை அந்த மாணவி செமினார் எடுத்தார். கை நடுங்கியதாம், அட்டை ஒருமுறை கீழே விழுந்ததாம், குனிந்து எடுத்துக்கொண்டு தொடர்ந்தாராம். முடித்தார். எழுந்து கைதட்டினார்கள் என்றெல்லாம் நடக்கவில்லை, அடுத்தவரை அழைத்தார்கள். பேருந்தில் வரும்போது மகிழ்ச்சியாயிருந்ததா என்று கேட்டோம். "பசித்தது" என்றார். இறுதியாண்டில் ஒரு தொழிற்சாலை நேர்காணலில் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நாமும் ஊகித்துச் சொல்லப் போவதில்லை. இரண்டு வாரம் ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தார். என்னென்ன கேள்வி கேட்டார்கள் என்பதைப் பிறருக்குச் சொல்ல வேண்டும் என்று, ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வந்தார். அந்தத் தாளை வைத்து மூன்று வாரம் வகுப்பு நடந்தது. அதன் பின் வேறோரிடத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் எங்களை மிகவும் நெகிழச் செய்தது. ஆகஸ்டு 15 கிராம சபைக் கூட்டத்தில் அவருடைய தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் சேற்றில் பாடை தூக்கிச் செல்ல முடியாத பாதை. வழக்கமாக நம் தெருவார் ஓரத்தில் நிற்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். அன்று இவர் எழுந்து மூன்று நிமிடம் பேசினார். எத்தனை குடும்பம், எத்தனை அடி நீளம், சென்ற மழையில் என்ன நடந்தது என்று குறிப்பு அட்டையைப் பார்த்துச் சொன்னார். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டார். எழுதினார்கள். பாதை இன்னும் போடப்படவில்லை. அடுத்த கிராம சபையிலும் அவர் எழுந்தார். அப்போது அவரோடு அவருடைய தாயாரும் எழுந்து இரண்டு வார்த்தை பேசினார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறவாதவர் அந்த அம்மா.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஞாயிறு வகுப்பு அடுத்த வாரத்திலிருந்து சூளகிரியிலும் பர்கூரிலும் நடக்கவிருக்கிறது. மாலை நான்கு மணிக்குத் தொடங்கும். முதல் தலைப்பு, "எங்கள் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள்". வீட்டு மொழியில் பேசலாம். சூளகிரி வகுப்பை நாம் சொன்ன அந்த மாணவியே நடத்துவார். பேச விரும்புவோர் அரங்கின் வாயிலில் உள்ள பதிவேட்டில் பெயரை எழுதிக் கொடுக்கலாம். பெரியவர்களும் எழுதலாம், ஆனால் அவர்களுக்கும் மூன்று நிமிடந்தான்.